காபித் தீவைத் தேயிலைத் தீவாக்கிய துரு

தாவரவியல் முதலாண்டு படித்த யாரிடமாவது துருப் பூஞ்சை பற்றிக் கேட்டுப் பாருங்கள். உடனே "பக்சீனியா கிராமினிஸ்" என்பார்கள். ஒரு பக்கம் கோதுமை, இன்னொரு பக்கம் பார்பெரிச் செடி, நடுவில் ஐந்து வகை வித்துகள், சுற்றிலும் அம்புக்குறிகள். பத்து மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த அன்றே மறந்துபோகும் படம் அது.

அதே துருப் பூஞ்சைக் கூட்டத்தில் இன்னொரு பெயரும் வரும். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். "காபி இலைத் துரு நோயை உண்டாக்குகிறது" என்ற ஒரே வரியோடு பாடப்புத்தகம் அதைக் கடந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு நாட்டின் வரலாறே இருக்கிறது. இந்தப் பூஞ்சையால் இலங்கையின் காபித் தோட்டங்கள் இருபது வருடங்களில் இல்லாமல் போயின. சென்னை மாகாணத்துக் கிராமங்களிலிருந்து அங்கே வேலைக்குப் போன தமிழர்களின் வாழ்க்கையும் அதனால்தான் வேறு பாதைக்குத் திரும்பியது.

காட்டை வெட்டி வந்த காபி

1815-ல் கண்டி ராஜ்ஜியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அப்போது இலங்கையின் மலைநாடு பெரும்பாலும் அடர்ந்த காடு. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்குச் சாலை போட்டார். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் அவரே காபித் தோட்டமும் வைத்தார். கம்பளைப் பக்கம் ஜார்ஜ் பேர்ட் என்பவரும் காபி நட்டார். ஆரம்பத்தில் பெரிய லாபம் இல்லை.

1830களில் நிலைமை மாறியது. மேற்கிந்தியத் தீவுகளின் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கூலி இல்லாத வேலையை நம்பி நடந்த அங்குள்ள காபித் தோட்டங்கள் சரிந்தன. அதே சமயம், 1835-ல், பிரிட்டனில் இலங்கைக் காபிக்கும் மேற்கிந்தியக் காபிக்கும் ஒரே அளவு வரி என்று ஆனது. அவ்வளவுதான், எல்லோர் பார்வையும் இலங்கை மலைகள் மீது திரும்பியது. 1840-ல் ஒரு சட்டம் வந்தது. பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் அரசுக்குச் சொந்தம் என்றது அந்தச் சட்டம். தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டைப் பயன்படுத்தி வந்த சிங்களக் கிராமத்து மக்களிடம் பத்திரம் ஏது? நிலம் அரசு வழியாக மலிவு விலைக்குத் தோட்ட முதலாளிகளிடம் போனது. வாங்கியவர்களில் அரசு அதிகாரிகளும் இருந்தார்கள்.

தோட்டம் போடும் முறை எளிமையானது. மலைச்சரிவில் உள்ள மரங்கள் அத்தனையையும் வெட்டுவார்கள். காய்ந்ததும் தீ வைப்பார்கள். சாம்பல் மேல் வரிசை வரிசையாகக் காபிக் கன்றுகளை நடுவார்கள். நிழல் மரம் பெரும்பாலும் கிடையாது. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் இடையில் காட்டுப் பட்டை கூட விடாத இடங்கள் பல. மலை முழுக்க ஒரே செடி. 1867-ல் கொழும்பு - கண்டி ரயில் பாதை முடிந்தபோது, காபி மூட்டைகள் துறைமுகத்துக்கு இறங்குவது இன்னும் சுலபமானது. 1870-ல் இலங்கை ஏற்றுமதி செய்த காபி ஏறத்தாழ 10 கோடி பவுண்டு எடை. உலகின் பெரிய காபி நாடுகளில் அதுவும் ஒன்று.

நடந்து வந்தவர்கள்

இந்தக் காபியைப் பறித்தவர்கள் யார்? மலைநாட்டுச் சிங்கள விவசாயிகள் தங்கள் வயலை விட்டுத் தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக வர விரும்பவில்லை. எனவே தோட்டத் துரைகள் கடலுக்கு இந்தப் பக்கம் பார்த்தார்கள். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் என்று வறட்சியும் கடனும் வாட்டிய ஊர்களிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டார்கள். திரட்டியவர் கங்காணி. பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சொந்தக்காரர், அல்லது அதே சாதிக்காரர். முன்பணம் கொடுத்து அழைத்துப் போவார். அந்த முன்பணமே பிறகு தீராத கடனாக மாறும்.

பயணம் கொடுமையானது. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து படகில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளைக்குப் போக வேண்டும். வழியில் தண்ணீர் இல்லை, காலரா, காய்ச்சல். போய்ச் சேராமல் இறந்தவர்கள் ஏராளம். தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் கிராமங்களில் பேசப்படும் 1876-78 பஞ்சத்தின்போது இந்தக் கூட்டம் பல மடங்கானது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காபிக்கு அதிக ஆட்கள் தேவைப்படுவது அறுவடை மாதங்களில்தான். அது முடிந்ததும் ஒரு பெரும் பகுதியினர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். வந்தவர்களில் ஆண்களே அதிகம். சொந்த ஊர் என்பது இந்தியாவில்தான் இருந்தது. தோட்டம் ஒரு பருவ வேலை. இதை மாற்றப் போவது ஒரு பூஞ்சை என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1869: மடுல்சீமையில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி

1869-ல் மடுல்சீமைப் பகுதியில் புதிதாகப் போட்ட ஒரு தோட்டத்தில், காபி இலைகளின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரிந்தன. தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டியது. இலைகள் காலத்துக்கு முன்பே உதிர்ந்தன. நோய்ப்பட்ட இலைகள் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் போயின. அங்கே இயக்குநராக இருந்த ஜார்ஜ் த்வெய்ட்ஸ், அவற்றை இங்கிலாந்தில் இருந்த மைல்ஸ் பெர்க்லிக்கு அனுப்பினார்.

பெர்க்லி தேவாலயப் போதகர். ஆனால் பூஞ்சையியலில் அன்றைய பிரிட்டனில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1845-ல் தொடங்கிய அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது, "செடி அழுகியதால் பூஞ்சை வரவில்லை, பூஞ்சை வந்ததால்தான் செடி அழுகியது" என்று வாதாடிய சிலரில் முக்கியமானவர் அவர். (அந்த உருளைக்கிழங்குக் கிருமியை இன்று உண்மையான பூஞ்சைகளோடு சேர்ப்பதில்லை. அது பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய ஊமைசீட்ஸ் கூட்டத்தில் இருக்கிறது. வகைப்பாடு மாறினாலும் பெர்க்லியின் வாதம் மாறவில்லை!)

பெர்க்லியும் அவர் நண்பர் புரூமும் சேர்ந்து, 1869 நவம்பரில், இந்தக் காபிப் பூஞ்சைக்குப் பெயர் வைத்தார்கள். அதன் வித்து சிறுநீரக வடிவம். மேல் பக்கம் முள் முள்ளாக இருக்கும், அடிப்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். பாதி வழுவழுப்பு என்ற பொருளில் ஹெமிலியா. பின்பாதிப் பெயரான வாஸ்டாட்ரிக்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு "பாழாக்குவது" என்று பொருள். தோட்டக்காரர்கள் சாதாரண இலைப்புள்ளி என்று நினைத்த நோய்க்கு முதல் வருடமே இப்படிப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பொருத்தமானது என்பது சில வருடங்களில் தெரிந்தது.

விலை மறைத்த நஷ்டம்

நோய் இரண்டு மூன்று வருடங்களில் தீவின் காபிப் பகுதிகள் எங்கும் பரவிவிட்டது. அப்படியும் துரைகள் ஏன் பயப்படவில்லை? இரண்டு காரணங்கள்.

முதலாவது, துரு ஒரு காபிச் செடியை உடனே கொல்வதில்லை. இலை உதிரும், மறுபடி துளிர்க்கும், மறுபடி உதிரும். இலைதான் செடிக்குச் சமையலறை. அது இல்லாமல் கிளைகள் மெலியும், அடுத்த பருவத்துக் காய் குறையும். ஒரு வருடம் நல்ல விளைச்சல், அடுத்த வருடம் மோசம், அதற்கடுத்த வருடம் சுமார் என்று போகும். "போன வருடம் மழை சரியில்லை" என்று சொல்லிச் சமாதானம் அடைய அது போதும்.

இரண்டாவது, 1870களில் உலகச் சந்தையில் காபி விலை வேகமாக ஏறியது. ஏக்கருக்குக் கிடைத்த மூட்டை குறைந்தாலும் கையில் வந்த பணம் குறையவில்லை. எனவே நஷ்டத்தை ஈடுகட்ட இன்னும் காட்டை வெட்டினார்கள். டிம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா என்று சிவனொளிபாத மலை அடிவாரம் வரை காபி ஏறியது. 1878-ல் காபி நிலம் 2,75,000 ஏக்கரைத் தொட்டது. நோய் வந்து ஒன்பது வருடங்களுக்குப் பிறகு, அந்த நோய்க்கு மேலும் உணவு பரிமாறிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் இதன் அர்த்தம்.

நோய்க்குக் காரணம் பற்றி ஆளுக்கொரு கருத்து. மண் சத்து போய்விட்டது என்றார்கள். உரம் கொட்டினார்கள். விதை கெட்டுவிட்டது என்றார்கள். வானிலை என்றார்கள். பேராதனையில் உதவியாளராக இருந்த டேனியல் மோரிஸ், கந்தகப் பொடியும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார். சில சோதனைகளில் நம்பிக்கை தெரிந்தது. ஆனால் அவர் 1879-ல் ஜமைக்காவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

மார்ஷல் வார்டு

அந்த இடத்தில் வந்தவர் ஹாரி மார்ஷல் வார்டு. 1880-ல் இலங்கை வந்தபோது அவருக்கு 26 வயது. இன்றைய கணக்கில் ஆராய்ச்சி மாணவர் வயது. லண்டனில் ஹக்ஸ்லியிடம் படித்தவர். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றவர். ஜெர்மனியில் நவீனத் தாவர நோயியலுக்கு அடித்தளம் போட்ட டி பாரியின் ஆய்வகத்தையும் பார்த்தவர். பக்சீனியா கிராமினிஸ் கோதுமையிலும் பார்பெரியிலும் மாறி மாறி வாழ்கிறது என்று 1865-ல் சோதனை மூலம் காட்டியவர் அந்த டி பாரிதான். அதாவது மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அந்தப் பத்து மதிப்பெண் படத்தின் சொந்தக்காரர்!

வார்டுக்கு அரசு கொடுத்த பதவியின் பெயர் "கிரிப்டோகேமிஸ்ட்". பாசி, பூஞ்சை, லைக்கன், மாஸ், பெரணி என்று பூக்காத எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக் கிரிப்டோகேம்கள் என்று அழைத்த காலம் அது. பூஞ்சைகளுக்குத் தனி உலகம் கொடுத்த விட்டேக்கரின் ஐந்துலக வகைப்பாடு 1969-ல்தான் வந்தது. மடுல்சீமையில் துரு தெரிந்து சரியாக நூறு வருடங்கள் கழித்து.

வார்டு இரண்டு வருடம் இலங்கையில் வேலை செய்தார். முதலில் அவர் மருந்து தேடவில்லை. பூஞ்சையின் வாழ்க்கையைத் தேடினார். ஆரோக்கியமான இலையில் வித்தை வைத்து, ஈரம் கொடுத்து, நாள் கணக்கில் நுண்ணோக்கியில் பார்த்தார். அவர் கண்டது சுருக்கமாக இது:

1. ஆரஞ்சுப் பொடி என்பது யூரிடோஸ்போர்கள் என்னும் வித்துகளின் குவியல். அது காற்றில் பறக்கும்.

2. வித்து இலையில் விழுந்தால் மட்டும் போதாது. இலை மேல் நீர் நிற்க வேண்டும். மழைத்துளியோ பனியோ இருந்தால் வித்து முளைத்து ஒரு மெல்லிய குழாயை நீட்டும்.

3. அந்தக் குழாய் இலையின் அடிப்பக்கம் உள்ள இலைத்துளை வழியாக உள்ளே நுழையும். காபி இலையின் துளைகள் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன.

4. உள்ளே போனதும் பூஞ்சை இழைகள் செல்களுக்கு இடையில் படரும். ஹாஸ்டோரியம் என்னும் உறிஞ்சுறுப்புகளைச் செல்லுக்குள் விட்டு உணவை எடுக்கும்.

5. சில வாரங்களில் வெளியே மஞ்சள் புள்ளி தெரியும். பிறகு அதே இலைத்துளை வழியாகப் புதிய வித்துகள் பூச்செண்டு போல வெளியே வரும். மறுபடி காற்று, மறுபடி மழை.

ஒரே ஒரு புள்ளி தன் வாழ்நாளில் மூன்று நான்கு லட்சம் வித்துகளை வெளியிடக்கூடும் என்று இன்று சொல்கிறார்கள். ஓர் இலையில் எத்தனை புள்ளி, ஒரு செடியில் எத்தனை இலை, ஒரு மலையில் எத்தனை செடி என்று பெருக்கிப் பாருங்கள்.

காற்றில் வித்து வருகிறது என்பதை வாயால் சொன்னால் துரைகள் நம்ப மாட்டார்கள். எனவே பிசுபிசுப்புப் பூசிய கண்ணாடித் தகடுகளைக் காபிச் செடிகளுக்கு நடுவே வைத்தார் வார்டு. பிறகு அந்தத் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தால், ஹெமிலியா வித்து ஒட்டிக்கொண்டிருந்தது! காற்றில் மிதக்கும் நோய்க்கிருமியைப் பொறி வைத்துப் பிடித்த ஆரம்பகாலச் சோதனைகளில் அதுவும் ஒன்று.

பார்பெரி மாதிரி மாற்று ஓம்புயிர் ஒன்று ஹெமிலியாவுக்கும் இருக்குமா என்ற கேள்வி இன்று வரை தீரவில்லை. அப்படிப்பட்ட செடி எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மருந்து எங்கே?

துரைகள் கேட்டது ஒன்றே ஒன்று. "எதைத் தெளித்தால் போகும்?" வார்டின் பதில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பூஞ்சை இலைக்குள் நுழைந்த பிறகு வெளியிலிருந்து எதைத் தூவியும் பயனில்லை. வித்து முளைக்கும் முன்பே இலையின் மேல் மருந்து இருக்க வேண்டும். அதுவும் மலைநாட்டு மழையில் கழுவிப் போகாமல் நிற்க வேண்டும், அதுவும் லட்சக்கணக்கான ஏக்கருக்கு.

கந்தகத்தை விட நன்றாக ஒட்டி நிற்கும் ஒரு மருந்து சீக்கிரமே கிடைத்தது. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்த போர்டோக் கலவையைப் பிரான்சில் மில்லார்டே 1885-ல் அறிவித்தார். அது திராட்சைக்காக வந்த மருந்து. இன்றும் காபித் தோட்டங்களில் துருவுக்கு எதிராக அதைத் தெளிக்கிறார்கள். ஆனால் 1885-ல் இலங்கையில் காப்பாற்ற அதிகக் காபி மிச்சம் இல்லை.

வார்டு சொன்ன இன்னொரு விஷயம்தான் மருந்தை விட முக்கியமானது. இடைவெளியே இல்லாமல் மைல் கணக்கில் ஒரே செடியை நட்டு, காற்றைத் தடுக்கும் மரங்களை எல்லாம் வெட்டிவிட்டால், எந்தப் பூஞ்சைக்கும் அதை விட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. காட்டில் ஒரு காபிச் செடிக்கும் அடுத்த காபிச் செடிக்கும் நடுவே பத்து வேறு மரங்கள் நிற்கும். பறக்கும் வித்தில் பெரும்பாலானவை தவறான இலையில் விழுந்து சாகும். தோட்டத்தில் எங்கே விழுந்தாலும் காபி இலைதான். பாழாக்கும் சக்தி பூஞ்சையிடம் பாதிதான் இருந்தது. மீதியைத் தோட்ட முறையே கொடுத்தது.

1882-ல் வார்டு இங்கிலாந்து திரும்பினார். தோட்டக்காரர்களைப் பொறுத்தவரை அவர் தோற்றுப்போன ஆள். தாவர நோயியல் வரலாற்றைப் பொறுத்தவரை அவருடைய அறிக்கைகள் அடிப்படை நூல்கள். பிறகு 1895-ல் அவர் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியரானார்.

சரிவு

1880களில் காபி விலையும் இறங்கியது. விலை மறைத்து வைத்திருந்த உண்மை வெளியே வந்தது. கடன் வாங்கித் தோட்டம் போட்டவர்கள் திவாலானார்கள். அவர்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவை மூடியது. அந்த வங்கி அச்சிட்ட ரூபாய் நோட்டுகள்தான் தீவு முழுக்கப் புழங்கின. சந்தையில் காய்கறி விற்றவர் கையில் இருந்ததும் அந்த நோட்டுதான். பீதி பரவவே, ஆளுநர் ஆர்தர் கார்டன் அந்த நோட்டுகளுக்கு அரசே பொறுப்பு என்று அறிவித்து நிலைமையைச் சமாளித்தார்.

1889-ல் காபி ஏற்றுமதி சுமார் 50 லட்சம் பவுண்டு. இருபது வருடத்துக்கு முன் இருந்ததில் இருபதில் ஒரு பங்கு!

பலர் நினைப்பது போல, காபி போன இடத்தில் உடனே தேயிலை வந்துவிடவில்லை. நடுவில் சின்கோனா வந்தது. மலேரியாவுக்கு மருந்தான குயினைன் தரும் மரம் அது. ஆளாளுக்குச் சின்கோனா நட்டார்கள். உலகச் சந்தையில் பட்டை குவிந்து, விலை பாதாளத்துக்குப் போனது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் தேயிலைக்குத் திரும்பினார்கள்.

தேயிலைக்கு வழி காட்டியவர் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். துரு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867-ல், கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873-ல் லண்டனுக்குப் போன இலங்கைத் தேயிலை வெறும் 23 பவுண்டு எடை. 1890-ல் ஏற்றுமதி 4 கோடி பவுண்டைத் தாண்டியது.

இங்கே இணையத்தில் உலவும் ஒரு கதையையும் திருத்த வேண்டும். "இலங்கைக் காபி அழிந்ததால்தான் ஆங்கிலேயர்கள் டீ குடிக்க ஆரம்பித்தார்கள்" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அவர்கள் சீனத் தேயிலையைப் பெருமளவில் குடித்தார்கள். துரு மாற்றியது அவர்கள் கோப்பையை அல்ல, அந்தத் தேயிலை எந்த மலையிலிருந்து வந்தது என்பதை. அதைவிட, அந்த மலையில் வேலை செய்தவர்களின் வாழ்க்கையை.

கொழுந்துக்கு ஓய்வில்லை

காபி விழுந்தபோது முதலில் அடிபட்டது கூலி. தோட்டம் திவாலானால் துரை கப்பல் ஏறிவிடலாம். மாதக்கணக்கில் சம்பள பாக்கி வைத்துவிட்டுப் போன துரைகளிடம் தொழிலாளி எப்படிக் கேட்பார்? கங்காணியிடம் பட்ட கடன் மட்டும் அப்படியே நின்றது.

தேயிலை வந்ததும் வேலையின் தன்மையே மாறியது. காபிக் காய்க்குப் பருவம் உண்டு. தேயிலைக் கொழுந்துக்கு இல்லை. பறித்த இடத்தில் மறுபடி துளிர்க்கும், வருடம் முழுக்கப் பறிக்க வேண்டும். எனவே ஆட்களும் வருடம் முழுக்கத் தோட்டத்திலேயே வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். ஆண்கள் மட்டும் வந்து போன இடத்தில் குடும்பங்கள் குடியேறின. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள் கொண்ட லயங்களில் பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், அவர்களும் கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள். சொந்த ஊர் என்பது மெல்ல மெல்லத் தாத்தா பாட்டி சொல்லும் கதையானது. மலையகத் தமிழர் என்ற ஒரு சமூகம் இப்படித்தான் வேர் பிடித்தது.

அந்த வேரை நாடு ஏற்றுக்கொள்ளவில்லை. சுதந்திரம் பெற்ற அதே 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். எந்தப் பேச்சுவார்த்தையிலும் அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. இன்று டேன்டீ என்று அழைக்கப்படும் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். இலங்கையில் மிஞ்சியவர்களின் குடியுரிமைப் பிரச்சினை 2003-ல் வந்த சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது.

இந்தத் துன்பம் எல்லாம் பூஞ்சையால் வந்தது என்று சொன்னால் அது தவறு. சட்டம் எழுதியது பூஞ்சை அல்ல. ஆனால் பருவத்துக்கு வந்து போனவர்களை நிரந்தரமாக மலையில் நிறுத்திய பயிர் மாற்றத்துக்குத் துருதான் முதல் காரணம். அந்தக் கண்ணியை விட்டுவிட்டு மலையக வரலாற்றைச் சொல்ல முடியாது.

துரு நிற்கவில்லை

ஹெமிலியா இலங்கையோடு நின்றுவிடவில்லை. 1870களிலேயே தென்னிந்தியத் தோட்டங்களுக்கும் ஜாவா, சுமத்ராவுக்கும் போனது. அங்கெல்லாம் பலர் அராபிகாவைக் கைவிட்டு, துருவைத் தாங்கும் ரொபஸ்டாவுக்கு மாறினார்கள். மைசூர்ப் பகுதியில் கென்ட் என்ற தோட்டக்காரர் 1911-ல், தன் தோட்டத்தில் நோயைத் தாங்கி நின்ற ஒரு செடியிலிருந்து விதை எடுத்தார். "கென்ட்ஸ்" ரகம் அப்படி வந்தது. சில வருடங்களில் அதையும் துரு தாக்கியது. ஏன் என்று ஆராய்ந்த மெய்ன், ஹெமிலியாவிலேயே பல இனங்கள் இருக்கின்றன என்று 1930களில் காட்டினார். கர்நாடகத்தின் பாலெஹொன்னூரில் 1925-ல் தொடங்கிய ஆய்வு நிலையம் அந்த வேலையைத் தொடர்ந்தது. கென்ட்ஸைப் பெற்றோராகக் கொண்டு அங்கே உருவான எஸ்.795 ரகம் இன்றும் தென்னிந்தியாவில் பரவலாக உள்ளது. காலையில் குடிக்கும் ஃபில்டர் காபியில் இந்தக் கதையும் கொஞ்சம் கரைந்திருக்கிறது.

நூறு வருடம் தப்பியிருந்த அமெரிக்கக் கண்டத்துக்கும் துரு போனது. 1970-ல் பிரேசில். 2012-ல் மத்திய அமெரிக்க நாடுகளில் பெரிய கொள்ளைநோயாகி, சிறு விவசாயிகளையும் கூலிகளையும் வேலை இழக்க வைத்தது. 2020-ல் ஹவாய்.

காபிக்குப் பதிலாக வந்த தேயிலை மட்டும் தப்பித்ததா? எக்ஸோபசிடியம் என்ற பூஞ்சையால் வரும் கொப்புள நோய் 1946-ல் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் வந்து தேயிலைக் கொழுந்தைத் தாக்கியது. தேயிலைக்கும் ஒரு "சிவப்புத் துரு" உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, அது பூஞ்சை அல்ல. செபாலியூரஸ் என்ற பச்சைப்பாசி! செடியின் மேல் ஒட்டுண்ணியாக வாழும் அபூர்வமான பாசிகளில் ஒன்று. தேர்வில் கேட்டால் நினைவிருக்கட்டும். ஆனால் இம்முறை தோட்டங்கள் அழியவில்லை. நோயின் வாழ்க்கைச் சுழற்சி என்ன, எந்தக் கட்டத்தில் மருந்து தெளிக்க வேண்டும் என்று பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. தாமிர மருந்துகளும் கையில் இருந்தன.

வார்டு கண்டுபிடித்த சுழற்சி அன்று யாருடைய தோட்டத்தையும் காப்பாற்றவில்லை. அதற்குப் பிறகு வந்த பல தோட்டங்களை அது காப்பாற்றியது. வித்து, நீர், இலைத்துளை, இழை, மறுபடி வித்து. தேர்வுத் தாளில் ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடக்கூடிய படம். அந்த அம்புக்குறிகளில் ஒன்றை எங்கே வெட்டலாம் என்று 1869-லேயே தெரிந்திருந்தால், அல்லது மலை முழுக்க ஒரே செடியை நடாமல் இருந்திருந்தால், மாத்தளைக்கு நடந்து போனவர்களில் பலர் அறுவடை முடிந்து வழக்கம்போல் ஊர் திரும்பியிருப்பார்கள்.